பாஷாணமும் நுண்ணுயிரும்

வடமொழி நூலார் எடுத்தாளும் நியாயங்களுள் ‘விஷக்கிருமி நியாயம்’ என்பது ஒன்று. நஞ்சிலே தோன்றி நஞ்சிலே வளரும் புழுவுக்கு அந்நஞ்சினால் இறுதி நேர்வதில்லை. பிறர்க்குக் கொடியதாயிருப்பது அதற்கு இயல்பான இருப்பிடமாகும் என்பதே அதன் கருத்து. முன்னோர் இதனை உவமையாகவே கூறினர். ஆயினும், நூறாண்டுகளுக்கு மேலாக ரசாயன நூலாரும் நுண்ணுயிர் நூலாரும் செய்துவந்த ஆராய்ச்சி, அவ்வுவமை சொல்லுக்குச் சொல் மெய்யென்று காட்டியுள்ளது. அன்றியும், அவ்வுயிர் நஞ்சிடையே உயிர் தாங்கியிருப்பதோடு நில்லாது, நஞ்சின் வடிவையே மாற்றுகின்றது. அம்மாற்றம் சிலவிடத்து மனிதனுக்கு நன்மையும், சிலவிடத்து ஆற்றொணாத் தீங்கும் பயக்கின்றது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஆறு கொணர்ந்து குவித்த மண்ணின்மீது குடியிருந்து, அம்மண் ஊறிய நீரைப் பருகி, அம்மண்ணில் விளைந்த நெல்லை உண்ணும் நாம் இதனை அறிந்திருத்தல் நன்று.

பாஷாணம் என்னும் சொல் சித்த மருத்துவ நூல்களிற் பல கொடும்பொருள்களுக்குப் பொதுப்பெயராக வழங்கும். இக்கட்டுரையில் அதனை ஆர்சனிக் என்னும் மூலப்பொருளுக்கும் அதன் கூட்டுப்பொருள்களுக்கும் மட்டுமே ஆளுவாம். இவற்றுட் சில நமக்குப் புதியன அல்ல. மஞ்சள் நிறமான அரிதாரமும், செந்நிறமான மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் கூடியமைந்த கனிப்பொருள்கள். வெள்ளைப் பாஷாணமோ ஆர்சனிக்கும் பிராணவாயுவும் கூடியது. கூத்தர் முகத்திற் பூசும் பூச்சு இன்றும் அரிதாரம் என்றே பெயர் பெறுகின்றது. தோல் பதனிடுவோர் மயிர் களைதற்பொருட்டுச் சுண்ணாம்புடன் மனோசிலையைக் கலப்பதும், உலர்ந்த தோலைப் பூச்சி அரியாதவாறு பாஷாண நீரில் தோய்ப்பதும் பழைய வாணிக வழக்கங்களாம். தோற்றொழில் நடந்த ஊர்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்றாதலின் இச்செய்தி நமக்குச் சேய்மையதன்று.

இனி, இப்பொருளின் இயல்பைச் சிறிது நோக்குவோம். மூலப்பொருள்களின் அட்டவணையில் ஆர்சனிக் 33ஆம் எண்ணுக்குரியது. பாஸ்பரஸுக்கு நேர்கீழே அமர்ந்திருப்பது. நீரிலும் மண்ணிலும் அது பெரும்பாலும் இரண்டு வடிவங்களிற் காணப்படும். காற்றோட்டமுள்ள இடத்தில், பிராணவாயுவை மிகுதியாகக் கொண்ட ஆர்சனேட் என்னும் வடிவில் இருக்கும். காற்றுப் புகாத சேற்றிலும் நிலத்தின் ஆழத்திலும், பிராணவாயு குறைந்த ஆர்சனைட் என்னும் வடிவிற்கு மாறும். ஆர்சனேட் இரும்புத் துருவோடு இறுகப் பற்றி மண்ணிலே தங்கும் இயல்பினது. ஆர்சனைட்டோ அத்துணை இறுகப் பற்றாது, நீரோடு எளிதில் நகரும், நச்சுத்தன்மையும் மிக்கது. இவ்விரண்டின் வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துவாராயின், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

ஆர்சனேட் உயிரைக் கெடுப்பது எவ்வாறு? பாஸ்பேட் என்னும் உப்பு எல்லா உயிர்களுக்கும் இன்றியமையாதது. உயிரணு தன் செயல்களுக்கு வேண்டிய ஆற்றலைச் சேமித்து வைப்பதும், பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் இழையைக் கட்டுவதும் பாஸ்பேட்டைக் கொண்டே. ஆர்சனேட்டின் உருவம் பாஸ்பேட்டின் உருவத்தைப் பெரிதும் ஒத்தது. ஆகவே, வேடமிட்ட கூத்தனை வாயில் காப்போன் வீட்டுக்குரியவன் என்று உள்ளே விடுவது போல, உயிரணுவின் வாயில்கள் ஆர்சனேட்டைப் பாஸ்பேட்டென மயங்கி உள்ளே ஏற்கின்றன. உட்புகுந்த ஆர்சனேட், பாஸ்பேட் அமரவேண்டிய இடத்தில் அமர்கின்றது. ஆனால் அங்கு நிலைத்து நிற்கமாட்டாது கணத்தில் உதிர்ந்து விடுகின்றது. அதனால் ஆற்றல் சேமிக்கப்படாது வீணாகின்றது. ஆர்சனைட்டின் வழி வேறு. அது கந்தகத்தின்மேல் மிக்க பற்றுடையது. உடலின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றைத் தம் தொழில் செய்யவொட்டாமல் தடுக்கின்றது. ஒன்று ஏமாற்றிக் கெடுப்பது. மற்றொன்று பிணித்துக் கெடுப்பது.

இவ்விரு பகைக்கும் நடுவே, கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உய்வது எங்ஙனம்? அதன் உபாயம் வியக்கத்தக்கது. உள்ளே புகுந்த ஆர்சனேட்டை அது முதலில் ஒரு நொதியினால் ஆர்சனைட்டாக மாற்றுகின்றது. பின்னர் அந்த ஆர்சனைட்டைத் தன் உறையில் அமைந்த இறைப்பான் ஒன்றினால் வெளியே தள்ளிவிடுகின்றது. பழுதுற்ற ஓடத்தினுள் ஊறும் நீரை ஓடக்காரன் இடையறாது இறைத்துக் கொட்டுவது போன்றது இச்செயல். நீர் ஊறுவது நின்றபாடில்லை, இறைப்பதும் நின்றபாடில்லை, ஓடமோ அமிழ்வதில்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஆர்சனேட்டினும் ஆர்சனைட் கொடியதாயின், குறைந்த நஞ்சை மிகுந்த நஞ்சாக்கித் தள்ளுவது பேதைமை அன்றோ? இதற்கு அறிஞர் கூறும் விடை ஆராயத்தக்கது. ஆர்சனேட்டை அப்படியே வெளியேற்றும் இறைப்பான் ஒன்று இருக்குமாயின், அது உருவொற்றுமையினால் மயங்கி, உயிர்க்கு இன்றியமையாத பாஸ்பேட்டையும் உடன் இறைத்துவிடக்கூடும். ஆர்சனைட்டோ பாஸ்பேட்டைச் சிறிதும் ஒவ்வாதது. அதனை மட்டும் பிரித்து எடுத்துத் தள்ளுதல் எளிது. மேலும், உலகில் பிராணவாயு பரவுதற்கு முன்னிருந்த தொன்மைக் காலத்தில் ஆர்சனைட்டே மிகுந்திருந்தது என்றும், அதனைத் தள்ளும் இறைப்பானே முதலிலே தோன்றியது என்றும், ஆர்சனேட்டை மாற்றும் நொதி பின்னர்ச் சேர்ந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இறைப்பானை எந்நேரமும் இயக்கிக்கொண்டிருப்பது வீண்செலவு. ஆதலின், அதனை வேண்டும்போது மட்டும் தொழிற்படுத்தும் ஒரு காவற்புரதமும் பாக்டீரியத்தினுள் உண்டு. நஞ்சு இல்லாதபோது அக்காவலன் பரம்பரை இழையின்மேல் அமர்ந்து இவ்வுறுப்புகளை உண்டாக்கும் கட்டளையைத் தடுத்து நிற்பான். ஆர்சனைட் வந்து அவனைத் தொட்டவுடன் அவன் இழையை விட்டு விலகுவான். உடனே நொதியும் இறைப்பானும் உண்டாகத் தொடங்கும். இக்கட்டளைகள் அனைத்தும் பல பாக்டீரியங்களில் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வளையம் ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குக் கைமாறும் தகைமையது. எனவே, நஞ்சைத் தாங்கும் வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமன்றி, அயலானிடமிருந்து அயலானுக்கும் செல்லுகின்றது. பாஷாணம் சேர்ந்த மண்ணில் இவ்வித்தையுடைய நுண்ணுயிர்கள் விரைவிற் பெருகுவதன் காரணம் இதுவே.

இத்தகைய நுண்ணுயிர்கள் முதன்முதல் அறியப்பட்ட வரலாறு சுவையுடையது. தென்னாப்பிரிக்காவில் மாடுகளைப் பற்றும் உண்ணிகளைக் கொல்லும்பொருட்டு, ஆர்சனைட் கரைத்த தொட்டிகளில் மாடுகளை இறக்கிக் கரையேற்றி வந்தனர். அத்தொட்டி நீரின் வீரியம் நாளடைவிற் குறைந்துபோவது கண்டு, எச். எச். கிரீன் என்னும் ரசாயன அறிஞர் அந்நீரைச் சோதித்தார். ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும் பாக்டீரியம் ஒன்றும், ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றும் பாக்டீரியம் வேறொன்றும் அத்தொட்டியிலேயே வாழக் கண்டு, 1918ஆம் ஆண்டில் வெளியிட்டார். உண்ணியைக் கொல்ல வைத்த நஞ்சில், ஒன்று ஏற்றவும் மற்றொன்று இறக்கவுமாக இரு நுண்ணுயிர்கள் தொழில் புரிந்துகொண்டிருந்தன!

இதற்கும் முன்னரே, ஐரோப்பாவில் பாஷாணம் கலந்த பச்சை வண்ணத் தாள் ஒட்டிய ஈரமான அறைகளில் வாழ்ந்தோர் காரணம் தெரியாது நோயுறுவதாகப் பேச்சிருந்தது. கோசியோ என்னும் இத்தாலிய மருத்துவர், அத்தாளிற் படரும் பூஞ்சக்காளான் பாஷாணத்தைப் பூண்டு நாற்றமுள்ள வாயுவாக மாற்றுகின்றது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் காட்டினார். அவ்வாயு இன்னதென்று சாலஞ்சர் என்னும் ஆங்கில அறிஞர் 1930க்குப் பின்னர்த் தெளிவித்தார். பூஞ்சக்காளான் பாக்டீரியம் அன்று. ஆயினும் பாக்டீரியங்களுள்ளும் இவ்வாறு பாஷாணத்தை வாயுவாக்கி விடுவன உண்டு எனப் பின்னர் அறியப்பட்டது.

இவற்றினும் வியப்பான செய்தி ஒன்றுளது. நாம் பிராணவாயுவை உட்கொண்டு உணவை எரித்து ஆற்றல் பெறுகின்றோம். காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியங்கள், பிராணவாயுவுக்கு ஈடாக ஆர்சனேட்டையே கொண்டு சுவாசிக்கின்றன என்பது 1994ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து மாசுற்ற நீர்நிலையொன்றின் சேற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிரால் வெளிப்பட்டது. நஞ்சைத் தாங்குவது ஒன்று. நஞ்சையே மூச்சாகக் கொள்வது மற்றொன்று. எனினும் வியப்பு அளவு கடத்தலும் தீதே. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் வாழும் ஒரு பாக்டீரியம், பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்சனிக்கைக் கொண்டே தன் பரம்பரை இழையைக் கட்டிக்கொள்கின்றது என்று 2010ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் வெளியிட, உலகம் முழுவதும் அது பேரொலியாயிற்று. 2012ஆம் ஆண்டில் வேறு ஆராய்ச்சியாளர் அதே உயிரைச் சோதித்து, அது ஆர்சனிக்கைத் தாங்குவதேயன்றித் தன் இழையிற் சேர்ப்பதில்லை எனக் காட்டினர். 2025ஆம் ஆண்டில் அவ்வெளியீடு, எழுதியோர் உடன்படாதிருக்கவும், பத்திரிகையினரால் திரும்பப் பெறப்பட்டது. அறிவியல் மாணவர் இதனை ஒரு பாடமாகக் கொள்க.

இதுகாறும் கூறியவை சோதனைச்சாலையின் வியப்புகள். இந்நுண்ணுயிர்களின் தொழில் மக்களின் வாழ்வைத் தீண்டிய பெருநிகழ்ச்சி நம் நாட்டிலேயே, கங்கையின் கழிமுகத்தில் நேர்ந்தது. வங்கத்துச் சிற்றூர்களில் மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி, வாந்திபேதியாலும் வயிற்றுளைச்சலாலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதற்கு மாற்றாக, அரசாங்கங்களும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் 1970ஆம் ஆண்டுகளிற் குழாய்க் கிணறுகளை எங்கும் தோண்டுவித்தன. நீர் பளிங்கு போல் தெளிந்திருந்தது, நாற்றமில்லை, கிருமியில்லை. ஊரார் அதனை அமிழ்தமெனப் பருகினர். சில ஆண்டுகள் சென்றன. 1983ஆம் ஆண்டில், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் டாக்டர் கே. சி. சாஹா, தம்மிடம் வந்த கிராமத்தாரின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி சிதறினாற் போன்ற புள்ளிகளையும், உள்ளங்கை உள்ளங்கால்களில் தடித்த காய்ப்புகளையும் கண்டு, அவை நெடுநாட் பருகிய பாஷாணத்தின் குறிகள் எனத் தெளிந்தார். பின்னர் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தீபங்கர் சக்கரவர்த்தி, 1988ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகச் சென்று கிணற்று நீரையும் மக்களின் மயிர், நகம் முதலியவற்றையும் சோதித்துத் தீங்கின் பரப்பை உலகிற்கு உணர்த்தினார். 1993ஆம் ஆண்டில் வங்காளதேசத்திலும் இதுவே கண்டறியப்பட்டது. நோய் முற்றினால் தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகியவற்றிற் புற்றுநோயாகவும் முடியும்.

அங்கே பாஷாணத்தை நீரில் இட்டவர் யார்? மனிதர் எவரும் அல்லர். இமயத்துப் பாறைகள் தேய்ந்த துகளை ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து படியவைத்தன. அத்துகளின்மேல் இரும்புத் துரு ஒரு போர்வையாய்ப் படிந்திருந்தது. அப்போர்வையில் ஆர்சனேட் பிணைந்திருந்தது. அவ்வண்டலோடு இலை, வேர் முதலிய மக்கிய பொருள்களும் புதைந்தன. ஆழத்திற் காற்று இல்லை. அங்கு வாழும் பாக்டீரியங்கள் மக்கிய பொருளை உண்டு, பிராணவாயுவுக்கு ஈடாக இரும்புத் துருவைக் கொண்டு சுவாசித்தன. துரு கரைந்தது, பிணைந்திருந்த பாஷாணம் விடுபட்டது, அது ஆர்சனைட்டாகி நீரோடு கலந்தது. மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார் மேற்கு வங்கத்து மண்ணைக் காற்றுப் புகாத கலங்களில் வைத்து, நுண்ணுயிர்க்கு உணவாகச் சிறிது அசிடேட் என்னும் உப்பைச் சேர்த்து நோக்கி, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முதலில் இரும்பு மாறியது. அது மாறிய பின்னரே பாஷாணம் நீரில் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராம். அதாவது, ஒரு லட்சம் லிட்டர் நீருக்கு ஒரே கிராம். இவ்வெல்லையைக் கடந்த நீரை உலகில் குறைந்தது 14 கோடி மக்கள் பருகுகின்றனர் என அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டில் உரைத்தது.

ஆகவே ஓர் உண்மை தெளிவாகின்றது. பாக்டீரியம் பாஷாணத்தை அழிப்பதில்லை, அழிக்கவும் இயலாது. மூலப்பொருள் அழியாதது. அழுகிய இலையையும் சாக்கடைக் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பது போலப் பாஷாணத்தைத் தின்று தீர்த்துவிடும் என்று எண்ணுவது தவறு. அவை செய்வதெல்லாம் வடிவை மாற்றுதலும் இடத்தை மாற்றுதலுமே. அதனையும் நமக்காகச் செய்வதில்லை. தம் உயிர் பிழைக்கச் செய்கின்றன. எந்த நுண்ணுயிர், எந்த இடத்தில், எந்தப் பக்கமாக மாற்றுகின்றது என்பதைப் பொறுத்தே நமக்கு நன்மையும் தீமையும் விளைகின்றன.

இனி நம் காவிரிக்கு வருவோம். குடகு மலையிற் பிறந்து தொன்மையான பாறைகளினூடே வரும் காவிரி, இமயத்து ஆறுகளைப் போன்றதன்று. வங்கத்திற் கண்டது போன்ற பெருநோய்ப் பரப்பு நம் காவிரிப் பகுதியில் நேர்ந்ததில்லை. ஆதலின் வீண் அச்சம் வேண்டுவதில்லை. ஆயினும், முக்கொம்பிற் பிரிந்து கல்லணையை நோக்கி ஓடும் இரண்டு ஆறுகளின் இடையே, ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்த வயல்களின் சேற்றிலும் இதே இயற்கை விதிகளே ஆட்சி செய்கின்றன. வயலில் நீர் தேங்கியவுடன் சில நாட்களில் சேற்றிலுள்ள காற்று தீர்ந்துபோகும். துருவைச் சுவாசிக்கும் பாக்டீரியங்கள் தொழில் தொடங்கும். மண்ணிற் பாஷாணம் இருக்குமாயின் அது ஆர்சனைட்டாகி, நெல்லின் வேரிற் புகும். நெற்பயிர் மணற்சத்தாகிய சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சுவது. அதற்கென அமைந்த வாயிலிலேயே ஆர்சனைட்டும் நுழைந்துவிடுகின்றது. கோதுமையினும் நெல்லிற் பாஷாணம் ஏறுவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு உதவும் ஒரு வழியை நம் உழவர் அறிவர். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று அவர் கூறும் முறையில், வயலை இடையறாது நீரில் மூழ்கவிடாது, ஈரம் குறையும்வரை காயவிட்டுப் பின்னரே நீர் பாய்ச்சுவர். நீரைச் சிக்கனப்படுத்தும்பொருட்டுத் திருந்திய நெற்சாகுபடியில் இம்முறையைக் கைக்கொள்கின்றனர். காயும்பொழுது சேற்றினுட் காற்றுப் புகுவதால், இரும்பு மீண்டும் துருவாகிப் பாஷாணத்தைப் பிடித்து வைக்கின்றது. தானியத்தில் ஏறும் பாஷாணமும் குறைகின்றது. அடுக்களையிலும் ஒரு வழி உண்டு. அரிசியை நன்கு களைந்து, மிகுந்த நீரிற் சமைத்து, கஞ்சியை வடித்தெடுக்கும் நம் பழைய வழக்கம், சமைக்கும் நீர் தூயதாயின், அரிசியிலுள்ள பாஷாணத்தை ஓரளவு நீக்குகின்றது. நீரே மாசுடையதாயின் அவ்வழி பயன்படாது.

நுண்ணுயிரையே துணையாகக் கொள்ளவும் அறிஞர் முயன்றுள்ளனர். ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக ஏற்றும் பாக்டீரியங்கள், அதனை இரும்போடு பிணைத்து வடிகட்டுதற்கு வழி செய்கின்றன. கொல்கத்தாவுக்கு அருகே காசிம்பூரில், நிலத்தடி நீரை மேலே எடுத்துக் காற்றூட்டி, மீண்டும் நிலத்தினுட் செலுத்தும் முறையொன்று அமைக்கப்பட்டது. காற்றைப் பெற்ற நீர் ஆழத்தில் இரும்பைத் துருவாக்க, அத்துரு பாஷாணத்தைப் பற்றி மண்ணிலேயே நிறுத்தி விடுகின்றது. அன்றியும், முன்னர்க் கூறிய காவற்புரதத்தை ஒளி உமிழும் உறுப்போடு இணைத்து, பாஷாணத்தைக் கண்டவுடன் ஒளிவிடும் பாக்டீரியங்களை ஆக்கி, வியட்நாம் நாட்டுக் கிணற்று நீரைச் சோதித்தும் பார்த்துள்ளனர். நஞ்சைத் தாங்கும் கிருமியே நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாயிற்று.

எனினும், எல்லா உபாயங்களினும் எளியதும் முதன்மையானதும் ஒன்றே. அது நீரைச் சோதித்தல். வங்காளதேசத்தில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, தீயவற்றின் வாய்க்குச் செவ்வண்ணமும் நல்லவற்றின் வாய்க்குப் பச்சை வண்ணமும் தீட்டினர். ஒரே தெருவில் செங்கிணறும் பசுங்கிணறும் சில அடி தொலைவில் இருந்தன. நிறத்தாலும் சுவையாலும் மணத்தாலும் இரண்டையும் வேறு பிரித்தறிய இயலாது. செங்கிணற்றின் வீட்டுப் பெண்கள் பசுங்கிணற்றின் வீட்டுக்குக் குடம் எடுத்துச் சென்றனர். விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் இன்றி, ஒரு வண்ணக் கோட்டினால் எத்தனையோ குடும்பங்கள் நஞ்சினின்றும் விலகின.

காவிரி வற்றும் ஆண்டுகளில் நம் ஊரிலும் வீடுதோறும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றோம். நீர் தெளிந்து வந்தால் மனம் நிறைகின்றோம். தெளிவு தூய்மைக்குச் சான்றன்று என்பதை வங்கத்து மக்கள் தம் உடம்பையே விலையாகக் கொடுத்து நமக்குக் கற்பித்துள்ளனர். நம் கல்லூரியில் ரசாயனமும் உயிர்நூலும் பயிலும் மாணவர்கள், சோதனைச்சாலையிற் கற்ற முறையினால் தத்தம் தெருக் கிணற்று நீரைச் சோதிக்கக் கற்பாராயின், அக்கல்வி ஏட்டளவில் நில்லாது ஊருக்கு உதவும். அம்மா மண்டபத் துறையிற் காலிற் படும் சேறு வெறுஞ் சேறன்று. அது எண்ணிறந்த சிற்றுயிர்களின் தொழிற்சாலை. அத்தொழிற்சாலையில் நடப்பதை நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் அதன் விளைவு நம் குடத்திலும் நம் இலையிலும் வந்து சேரும். அறிந்திருத்தல் நமக்கே நலம்.